சிவக்காத ஆணி

பச்சை என்றாலே தாமிரம்! அந்தச் சுரங்க ஆய்வு அலுவலகத்தில் இதுதான் சட்டம். சட்டத்தை இயற்றியவர் மேலாளர். பதினோரு ஆண்டுகளாக ஒரு கல்லைக்கூடக் கையில் எடுத்துப் பாராதவர்.

துளையிட்டு எடுத்த மணற்கல் உருளைகள் மரப்பெட்டிகளில் கிடந்தன. உடலெங்கும் கடுகளவு பச்சை மணிகள். பார்த்த மாத்திரத்தில் பாறை ஆய்வாளர் அறிந்துகொண்டாள்: கிளாக்கோனைட். கடலடியில் விளைந்தது, இரும்பு கலந்தது, நகத்தால் கீறினால் மாவாய் உதிர்வது. தாமிரம் அதில் மருந்துக்கும் இல்லை. ஆனால் தாமிரம் என்று பதிவேட்டில் ஏறினால் சுரங்கம் வரும். சுரங்கம் வந்தால் குன்றடித் தெரு போகும். அந்தத் தெருவில்தான் அவளுடைய அக்கா மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

"இது தாமிரம் இல்ல சார்."

"பச்சையா இருக்கேம்மா!"

"மிளகாய்கூடத்தான் பச்சையா இருக்கு. அதையும் தோண்டுவோமா?"

வாயால் சொல்லிப் பயனில்லை. மணிகளைப் பொடித்து அமிலத்தில் ஊறவைத்தாள். தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்பு ஆணியை அதில் தொங்கவிட்டாள். தாமிரம் இருந்தால் ஆணியின்மேல் செம்மை படியும். அரை மணி கழிந்தது. ஆணி கறுத்தது, சிவக்கவில்லை.

"மட்டமான ஆணி," என்றார் மேலாளர்.

வேறு ஆணி வந்தது. "அமிலம் பழசு." புதிய புட்டி திறந்தாள்; மூன்றாம் ஆணியும் கறுத்தது. "உனக்குக் கைராசி இல்லம்மா."

எத்தனை ஆணி! எத்தனை சாக்கு! கல் சாட்சி சொல்லிற்று, ஆணி சாட்சி சொல்லிற்று. கேட்கத்தான் அந்த அறையில் ஒரு காது இல்லை!

பதிவேட்டை இழுத்தாள். "கிளாக்கோனைட். தாமிரம் இல்லை" என்றெழுதி ஒப்பமிட்டாள். எழுதியதை அடிக்க வேண்டுமானால், அடிப்பவர் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அப்பக்கத்தின் நகல் இல்லாமல் எந்தத் தெருவுக்கும் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு போகாது. அதுவே விதி.

"அடிங்க சார். காரணம்னு இருக்கிற இடத்துல 'கைராசி'ன்னு எழுதுங்க."

பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"நாளைக்குப் பாக்கலாம்."

மாலையில் அக்கா தொலைபேசியில் கேட்டாள்: "என்னடி, மூட்டையப் பிரிக்கட்டுமா?"

"அடுப்புச் சாமானை மட்டும் பிரிச்சுக்கோக்கா. மத்தது அப்படியே கிடக்கட்டும்," என்றாள் தங்கை. "அந்த மனுஷன் பேனாவை இன்னும் பையில வைக்கல."