தூண்டவில்லை, தடுக்கிறது

தாமரை கோலாலம்பூரில் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தபோது பேராசிரியர் கமலநாதன் அவளிடம் ஒரு புரதத்தை ஒப்படைத்தார். செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் அந்தப் புரதம், ‘வளர்’ என்று வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைத் தூண்டிவிடுகிறது என்பது அவருக்குப் பெயர் வாங்கித் தந்த முடிவு. எப்படித் தூண்டுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

புற்றுநோய் செல்களிலிருந்து அந்தப் புரதத்தை நீக்கிப் பார்த்தாள். சமிக்ஞை அடங்கியிருக்க வேண்டும். செல்களோ இருமடங்கு வேகத்தில் பெருகின. மூன்று முறை செய்து பார்த்தும் அப்படித்தான்.

“சாம்பிள் மாறியிருக்கும்லா. தீசிஸ்ல போடாத,” என்றார் கமலநாதன்.

“மாறல சார். அது தூண்டல, தடுக்குது.”

“அப்ப பதினோரு வருஷமா நான் சொல்றது தப்பா?”

“ஆமா சார்,” என்றாள் தாமரை.

அதன்பின் வாராந்தரக் கூட்டங்களில் அவளுக்குப் பேச இடம் கிடைக்கவில்லை. பக்கத்து ஆய்வுக்கூடத்துத் தோழி ஃபஹீமாவிடம் போனாள். “எதுல புரதம் இருக்குன்னு எனக்குச் சொல்லாத. செல் வளர்க்கிற தட்டுல நம்பர் மட்டும் ஒட்டு.”

இருபத்து நான்கு தட்டுகளையும் அளந்து முடித்த பிறகே ஃபஹீமா பட்டியலைத் திறந்தாள். புரதம் இல்லாத பன்னிரண்டும் வேகமாக வளர்ந்திருந்தன. “ஒண்ணுகூட தப்பல, டி!” என்று கத்தினாள். தொடர்ந்து தேடியதில் காரணமும் தெரிந்தது. சமிக்ஞையைச் சுமந்து உட்கருவுக்குள் வரும் தூதுப் புரதத்தை இது பிடித்துக்கொள்கிறது, மரபணுக்களை நெருங்க விடுவதில்லை. அதை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாக எழுதினாள்.

“தீசிஸ்லருந்து அந்தச் சாப்டர எடுத்துடு. இல்லன்னா வேற சூப்பர்வைசரப் பாத்துக்க,” என்றார் கமலநாதன்.

“பாத்துக்கிறேன் சார்.”

அவளுக்கு வழிகாட்ட ஒருவரும் முன்வராமல் எட்டு மாதம் வீணானது. அந்த நாட்களில் கிள்ளானில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அவள் யாருக்கும் தெரியாமல் அழுததுண்டு. ஆனால் அந்த அத்தியாயத்தில் ஒரு வரியையும் நீக்கவில்லை. கடைசியில் புஷ்பவல்லி என்ற பேராசிரியை அவளை ஏற்றுக்கொண்டார்.

ஆய்வை எல்லோர் முன்பும் விளக்கும் நாளில் கமலநாதன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். “அப்ப என் ரிசல்ட் எப்படி வந்துச்சு?” என்று கேட்டார்.

“உங்க செல்லுல அந்தப் புரதத்த அளவுக்கு மீறி ஏத்தினீங்க சார். நானும் அதேமாதிரி ஏத்திப் பாத்தேன், தூண்டுற மாதிரிதான் தெரிஞ்சுது. ஆனா இயல்பான செல்லுல அவ்வளவு இருக்காது.”

கமலநாதன் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் அவருடைய மாணவி ஒருத்தி அந்தச் சோதனையின் செய்முறையைக் கேட்டு வந்தாள். தாமரை அதை அச்செடுத்துக் கொடுத்தாள். “சாருக்கு இன்னும் சந்தேகம்னா நேர்ல வரச் சொல்லு. அவர் முன்னாலயே செஞ்சு காட்டுறேன்.”