என் அளவுக்கு ஒரு கோட்டு

குதிகால் ரெண்டும் விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றிருந்தேன். பனியன் கம்பெனியில், தைத்து வரும் பனியனில் குறை பார்க்கிற செக்கிங்தான் என் வேலை. பெரிய சைஸ் சாம்பிள் வந்தால் மட்டும் "ஒச்சம்மாளைக் கூப்பிடு" என்பார்கள். கம்பெனியில் அந்த உடம்பு எனக்குத்தான். நான் போட்டு நிற்பேன். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர் அம்மா திரையில் பார்ப்பாள். பையரிடம் ஆர்டர் பேசுகிற மெர்ச்சண்டைசர் ரித்தீஷ் என் தோளையும் இடுப்பையும் பேனாவால் தொட்டுத் தொட்டு இங்கிலீஷில் சொல்வான். அன்றைக்கு 'பல்க்கி', 'பல்க்கி' என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அது முடிந்த கையோடு மேனேஜர் சென்னியப்பன், ரேக்ளா பந்தயத்தில் ஓட்டக் காங்கேயத்தில் வாங்கிய காளையின் போட்டோவைக் காட்டினார்.

"வெல் பில்ட் சார்" என்றான் ரித்தீஷ். மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

சூப்பர்வைசர் சித்ராதேவியிடம் அர்த்தம் கேட்டேன். மாட்டுக்குச் சொன்னது நல்ல கட்டான உடம்பு, எனக்குச் சொன்னது மூட்டை மாதிரி என்று இழுத்து இழுத்துச் சொன்னாள். அந்தக் காளை ஒரு பாரம் இழுத்திருக்காது; பருத்திக்கொட்டை தின்று வளர்ந்தது. என் தோள் உசிலம்பட்டிப் பக்கம் சூளையில் செங்கல் சுமந்து அகன்றது.

சொல் கிடக்கட்டும். திங்கட்கிழமை ஆடிட், வெளியாட்கள் வந்து கம்பெனியைச் சோதிக்கிற நாள். கம்பெனி ஓவர்கோட்டு போடாதவர்களுக்கு அன்றைக்கு ஷிப்ட் கிடையாது, கூலியும் கிடையாது. போன ஆடிட்டிலும் என்னை வாசலோடு திருப்பினார்கள். என் அளவில் கோட்டு கேட்டால், அந்த சைஸ் இல்லை என்கிறான் ரித்தீஷ். என் மேல் அளவு பார்த்த பனியன் பெட்டி பெட்டியாக லாரியில் ஏறிக்கொண்டிருக்கிறது.

மறுநாள் சாம்பிளுக்குக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை. திரையில் பையர் காத்திருந்தாள். மேனேஜரே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, என்ன கோவம்?"

"உங்க காளைக்கு லாடம் அது காலுக்குத் தக்கனதான சார் அடிப்பீக? எனக்கு ஒரு கோட்டு தைக்க மாட்டீகளா?"

"அப்ப ஒச்சக்காவுக்கு லாடமே அடிச்சிருங்க சார்" என்றாள் பக்கத்து மேசை விஜயகுமாரி. எல்லாரும் சிரித்தார்கள். திங்கட்கிழமைக்குள் தைத்துத் தருவதாக மேனேஜர் சொன்னார். நம்பிப் போய் சாம்பிளைப் போட்டு நின்றேன். ரித்தீஷ் என்னைக் காட்டி 'வெல் பில்ட்' என்றான் பையரிடம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துப் பல்லிளித்தான். துணி வேண்டாம், நூல் வேண்டாம், வாய்ச்சொல்லை மாற்றினால் போதும் அவனுக்கு.

திங்கட்கிழமை வாட்ச்மேன் கேட்டிலேயே மறித்தார். கோட்டு வரவில்லை என்றார். பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

என் அளவில் ஒரு கோட்டு. அதை அந்தக் கம்பெனி எனக்கு இன்னும் தர வேண்டியிருக்கிறது.