சத்தம் எடுத்த சலவைக்கூடம்

மகளின் வகுப்பறையில், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒடுங்கியிருந்தேன். ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். விரல்நுனிகள் இன்னும் ஊறி வெளுத்துக் கிடந்தன. 'வீட்டில் ஒருவர் செய்யும் வேலை' என்று வகுப்பில் தலைப்பு கொடுத்திருந்தார்கள். மகள் என்னை எடுத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் எங்கள் கூடத்துக்கு வந்து போனில் படம் பிடித்து, ஏதோ ஒரு வெப்சைட்டில் ஏற்றி, வெட்டி ஒட்டி, எழுத்தெல்லாம் ஓடவிட்டிருந்தாள். அதில் பேசுவதற்கு நான் இரண்டு நாள் மனப்பாடம் செய்தேன். என்னால் அவள் தலை குனியக்கூடாது, அவ்வளவுதான்.

விளக்கை அணைத்தார்கள். சுவரில் விழுந்த படத்தில் நீராவி எழுந்தது. அதற்குள்ளிருந்து வெள்ளை விரிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன. ஒரு சத்தம் இல்லை. பதினாறு வருஷமாக நான் நின்று கால் வீங்கிய இடமா இது? தண்ணீருக்கடியில் தூங்குகிற மாதிரி இருந்தது. ரத்தக்கறைகூடப் பூப்போலக் கரைந்து போயிற்று.

அப்புறம் படத்தில் நான் வந்தேன். கழுத்து நரம்பு புடைக்க, அந்த அமைதியைப் பார்த்துக் கத்தினேன்: "இதுல படுக்கறவங்க நோயாளிங்க! ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் அனுப்பமாட்டேன்!"

வகுப்பே சிரிப்பில் குலுங்கியது.

"ஏய், உங்கம்மா யாரை இந்தத் திட்டு திட்டுறாங்க?" முன்வரிசையில் ஒருத்தி.

"அந்த நோயாளி பயத்துலயே செத்துருவாரு," பக்கத்திலிருந்தவள்.

டீச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு மகளிடம், "சவுண்டைக் கொறைச்சு வைக்கலாமாம்மா?" என்றார்.

மகள் படத்தை நிறுத்தினாள். "மிஸ், அங்க மெஷின் சத்தம் காதைப் பொளக்கும். பக்கத்துல நிக்கறவங்ககிட்டயே அப்படித்தான் பேசணும். அம்மா பேச்சு தெளிவா கேக்கட்டும்னு நான்தான் அந்த சத்தத்தை எடுத்துட்டேன்." பிறகு பின்னால் திரும்பி என்னைத் தேடினாள். "திரும்பப் போட்டா நீ சொல்றது ஒண்ணுமே கேக்காதும்மா."

இரண்டு நாள் மனப்பாடம் செய்த வார்த்தைகள்தான்.

"கேக்காட்டி போகுது. போடு."

சத்தம் எடுக்காத படத்தைத் தட்டினாள். ஸ்பீக்கர் உறுமியது; ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. டீச்சர் ஏதோ கேட்டார், வாய்தான் அசைந்தது. சிரித்தார்களா, தெரியவில்லை. சுவரில் நான் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அந்த வெளிச்சம் படும் ஓரத்தில் நின்று, படத்திலிருந்த என் உதட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மகள் தன் உதட்டால் அதே வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.