அக்காவைத் தாங்கும் மவுண்ட்

பல் மருத்துவரின் அக்கா பொழுது சாய்ந்ததும் நட்சத்திரங்களோடு சேர்ந்து மேற்கே நகர்ந்தாள். நடக்கவில்லை, நகர்ந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் நாற்காலியும் கூடவே போனது. அறையின் மேற்குச் சுவர்தான் அவளை நிறுத்தியது. விடியும்வரை வானம் அவளை அதில் வைத்து அழுத்தியது. முதல் வருடம் தெருவே வந்து பார்த்தது. பிறகு வருவதை விட்டுவிட்டது. அழுத்தம் மட்டும் வருடத்துக்கு வருடம் கூடியது. போன மாதம் ஒரு விலா எலும்பு முறிந்தது. இன்னொன்று முறிந்தால் நுரையீரலில் குத்தும் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார்.

தம்பிக்கு வானத்தைப் படம் எடுக்கும் பைத்தியம். பெரிய தொலைநோக்கி ஒன்றுக்காகப் பல வருடம் பணம் சேர்த்துவைத்திருந்தார். கடைக்காரர் அதன் உறையைக் கழற்றிக் காட்டினார். தம்பியின் பார்வை பக்கத்திலிருந்த மவுண்டுக்குப் போனது. வானம் திரும்பும் வேகத்தில் தொலைநோக்கியைத் திருப்பும் இரும்புத் தாங்கி அது. அது திரும்புவதால்தான் நட்சத்திரம் படத்தில் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும். வானத்தோடு போகத் துடிக்கும் உடம்பையும் இருந்த இடத்திலேயே அப்படித் திருப்பினால்? கையிலிருந்த பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் போதும்.

“இருக்கறதுலயே கனம் தாங்கற மவுண்ட் எது?”

“மேல எந்த டெலஸ்கோப்பை வைக்கப்போறீங்க சார்?”

“எங்க அக்காவை.”

கடைக்காரர் பில் எழுதுவதை நிறுத்தவில்லை. “ஆடாம உட்காருவாங்களா?”

மாடியில் மவுண்டைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்கி, மேலே இருக்கை பூட்டி, அக்காவை வாரால் கட்டினார். கூட வந்த இரும்பு எடைகள் அவளுக்கு ஈடாகவில்லை. மறுமுனைக் கம்பியில் தானே ஏறி உட்கார்ந்தார். தராசுபோல் இரண்டு பக்கமும் சமமாக நின்றது. இருட்டியது. அக்கா நகரவில்லை.

அவர் ஒன்றை மறந்திருந்தார். இந்த வகை மவுண்ட் உச்சி வானத்தைத் தாண்டாது. அங்கே நின்று, சுமையை மறுபக்கம் புரட்டிப் போட்டுக்கொண்டுதான் மேற்கொண்டு திரும்பும். மோட்டார் நின்றது. வார் முறுக்கேறியது. ஒரு தையல் பிரியும் சத்தம் கேட்டது.

“டேய், வார் பிரியுதுடா.”

“அசையாத அக்கா.”

“அசையறது நானா?”

எழுந்து போய்ப் பிடிக்க முடியாது. அவர் இறங்கினால் அவள் பக்கம் கவிழ்ந்துவிடும். கம்பியை இறுக்கிக்கொண்டு, வாரில் நூல் ஒவ்வொன்றாக விடுபடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மவுண்ட் மெதுவாகப் புரண்டது. அவர் மேற்கே போனார், அவள் கிழக்கே வந்தாள். மோட்டார் மறுபடி வானத்தைப் பிடித்தது. வார் தளர்ந்தது. அக்கா ஆழமாக மூச்சு விட்டாள்.

அதன்பிறகு அவள் மடியில் கேமராவும் இருந்தது. படங்களில் நட்சத்திரங்கள் ஊசி குத்தியதுபோல விழுந்தன. ராத்திரியெல்லாம் கம்பியில் உட்காரும் தம்பியின் கிளினிக் மதியம்தான் திறக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலச் சாப்பாட்டில் அக்கா தம்பியின் தட்டை விடாமல் கவனித்தாள்.

“இன்னும் ரெண்டு வாய் சாப்பிடு. நேத்து என் பக்கம் சாஞ்சுது.”