சிஸ்டம் என்கிற திருடன்

என் கம்ப்யூட்டருக்குள் ஒரு திருடன் உட்கார்ந்திருந்தான். பெயர் சிஸ்டம். எந்தப் புரோகிராம் எவ்வளவு மெமரியைத் தின்கிறது என்று காட்டும் பட்டியலில் அவன்தான் முதல் ஆள். பாதியை அவனே விழுங்கியிருந்தான். அவனை நிறுத்தப் போனால் "அனுமதி இல்லை" என்றது. என் வீடு, என் கரண்டு, எனக்கே அனுமதி இல்லையாம்!

கூட்டங்களின் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது என் பிழைப்பு. அன்று மாலைக்குள் ஒன்றை அனுப்பியாக வேண்டும். ஒரு வரி அடித்துவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால்தான் அது திரையில் தெரிந்தது. வேறு வழியில்லாமல் மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

அவர் பையைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டேன். வீட்டுக்கு ஒரு ஆள் வந்தால் எனக்கு வாய் நிற்காது. பாவம் மனிதர், எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே பார்த்தார்.

"அம்மா, இவன் திருடன் இல்ல. வேலை வெட்டி இல்லாம சும்மா திறந்து கிடக்கற புரோகிராமோட சாமானையெல்லாம் மடிச்சு மடிச்சு இவன்தான் வச்சிருக்கான். இவன் பேர்ல தெரியறது அத்தனையும் அடுத்தவங்க மூட்டை."

"நான் ஒண்ணுமே திறந்து வைக்கலையே!"

திரையின் மூலையில் இருந்த சின்ன அம்புக்குறியை அவர் தட்டினார். முகம் பார்த்துப் பேசுகிற ஆப்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. மகனுக்கு ஒன்று. பழைய ஆபீஸ்காரர்களுக்கு ஒன்று. பக்கத்து வீட்டைக் காலி செய்துகொண்டு போனவளுக்கு ஒன்று. தங்கைக்கு ஒன்று.

"இத்தனை எதுக்கும்மா?"

"யார் எதுல கூப்பிடுவாங்கன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்? மூடி வச்சா மணி அடிக்குமா?"

"கடைசியா எப்ப அடிச்சுது?"

எனக்குச் சுருக்கென்றது. "ரிப்பேர் பண்ண வந்தீங்களா, விசாரணை பண்ண வந்தீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். மகன் போனிலேயே இரண்டு வார்த்தை பேசிவிடுகிறான், அதுவும் வண்டி ஓட்டிக்கொண்டே. மற்றதெல்லாம் என்ன மாதிரி மணி அடிக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அவர் ஒவ்வொன்றாக மூடினார். மூடும்போதெல்லாம் ஒரு பெட்டி வந்து கேட்டது: "வெளியேறினால் உங்களுக்கு அழைப்புகள் வராது. சரியா?" மகனுடையது, ஆபீஸ், பக்கத்து வீடு, மூன்றுக்கும் சரி என்றேன். தங்கையுடையதற்கு வந்தபோது அவர் கையைத் தடுத்தேன்.

"இதுதாம்மா இருக்கறதுலயே பெரிய மூட்டை," என்றார்.

இருக்காதா பின்னே! "உன்கூடப் பேச உட்கார்ந்தா என் நாளே போயிடுது" என்று வாய் கூசாமல் சொன்னவள் அவள். சொன்னவள்தானே முதலில் கூப்பிட வேண்டும்? மூத்தவள் நான் எதற்கு இறங்கிப் போவது? அந்த வீம்பில் வாயை மூடிக்கொண்டேன், ஆப்பை மட்டும் மூடவில்லை. அவள் கூப்பிடவே இல்லை. ஒருநாள்கூட இல்லை.

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மூடத்தான் போகிறேன், அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு மூடுகிறேன் என்று நானே அழைப்பை அமுக்கினேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாள்.

"அக்கா?"

"இதை மூடப் போறேன். இதனால என் கம்ப்யூட்டர் ஆமையா ஊருது."

அவள் முகம் விட்டு விட்டு, கட்டம் கட்டமாக வந்து சேர்ந்தது.

"என்னுதும் அப்படித்தான்க்கா ஊருது," என்றாள். "நீ கூப்பிடுவேன்னு நானும் மூடவே இல்ல."

மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இரு, வேலையை அனுப்பிட்டு வந்துடறேன்," என்றேன். "வச்சுடாதே."