பட்டு சிக்கிய ஓரம்

பட்டு சிக்கிய அன்று உப்பங்கழிக் கரையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஹாஜி வான் டாவுட், அவர் மனைவி மெக் சோம், மெக் சோமின் தம்பியும் ஓய்வுபெற்ற வாத்தியாருமான ரம்லி, கொடி அசைத்த பா லே, காப்பிக் கடை நடத்தும் கக் நாப். போட்டிக்கு வந்திருந்த மற்ற இருவர் எதிர்க்கரையில் நின்றார்கள். அங்கிருந்து படகு தெரியும், பேச்சு கேட்காது. பார்த்தேன், கேட்டேன் என்று சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் எல்லாரும் பிறகு முளைத்தவர்கள்.

வான் குடும்பம் திரங்கானு ஆற்று முகத்தில் நான்கு தலைமுறையாகப் படகு கட்டிய குடும்பம். காகிதத்தில் கோடு போடாமல் கண்ணால் அளந்து கட்டுகிறவர்கள். கட்டி முடித்ததும் வீட்டுக்காரி ஒரு வெள்ளைப் பட்டுத் துணியை முகப்பிலிருந்து பின்பலகை வரை படகின் மேல் இழுத்துக்கொண்டு போவாள். எங்காவது ஒரு நூல் சிக்கினால் அந்தப் பலகையைக் கழற்ற வேண்டியதுதான். ஹாஜியின் தகப்பனார் காலத்திலும் சரி, அவர் காலத்திலும் சரி, பட்டு சிக்கியதில்லை.

அப்படிப்பட்டவர் முழங்கை நீளத்துக்குச் சற்றுப் பெரிய ரிமோட் படகைக் கட்ட உட்கார்ந்ததற்குக் காரணம் ரம்லி. அவன் சீனாவிலிருந்து ஃபைபர் படகு ஒன்றை வரவழைத்து வெள்ளிக்கிழமைப் போட்டிகளில் ஓட்டிக்கொண்டிருந்தான். மனைவிக்கும் மச்சானுக்கும் அவர் அபாங், ஊருக்கு ஹாஜி.

"மரமெல்லாம் மீன் பிடிக்கத்தான் அபாங். வேகத்துக்கு ஆகாது" என்று ரம்லி ஒரு நாள் சொல்லிவிட்டான்.

ஜெலுத்தோங் மரத்தில் சட்டம், மெல்லிய பிளைவுட்டில் தோல், உள்ளே எபாக்சிப் பசை, மேலே ஏழு பூச்சு வார்னிஷ். பக்கவாட்டில் பாட்டனாரின் பட்டறைப் பெயரைத் தன் கையாலேயே எழுதினார். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் இழுத்த பட்டு வழுக்கிக்கொண்டு போனது. மெக் சோமுக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் வெள்ளிக்கிழமை படகு தவளையாகிவிட்டது. வேகம் ஏற ஏற மூக்கைத் தூக்கும், பொத்தென்று விழும், மறுபடி தூக்கும். இரண்டாவது திருப்பத்தில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கவிழ்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே கதை.

"அபாங், பாட்டனார் பேரை அழிச்சிட்டுத் தவளைன்னு எழுதிடுங்களேன்" என்றான் ரம்லி.

கரையே சிரித்தது. ஹாஜி சிரிக்கவில்லை.

"அடுத்த வெள்ளி இது குதிச்சா, இந்தப் பேரை என் கையாலேயே உப்புத்தாள் போட்டு அழிச்சிடறேன். எல்லாரும் கேட்டுக்கங்க."

சொன்ன பிறகுதான் மெக் சோமின் முகத்தைப் பார்த்தார். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

அந்த வாரம் முழுவதும் காலைத் தொழுகை முடிந்ததும் படகும் கையுமாக உப்பங்கழிக்குப் போனார். பேட்டரியை முன்னால் தள்ளினார். படகு மூக்கால் தண்ணீரை உழுதது. பின்னால் தள்ளினார், முன்னைவிட அதிகமாகக் குதித்தது. முகப்பில் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒட்டினார். குதிப்பு கொஞ்சம் அடங்கியது, வேகம் செத்துவிட்டது. புரொப்பெல்லரைச் சின்னதாக மாற்றினார். அதன் தண்டின் சாய்வை மேலே ஏற்றினார், கீழே இறக்கினார். ஏற்றியபோது ஒருவிதமாகக் குதித்தது, இறக்கியபோது வேறுவிதமாகக் குதித்தது.

ஒவ்வொரு முறையும் முழங்கால் தண்ணீரில் இறங்கிப் படகைத் தூக்கி வந்து, ஒழுகும் பின்பலகையைச் சட்டையால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஒரு நாள் கோபத்தில் திருப்புளியைக் கழியில் வீசினார். பிறகு அதைத் தேடித் தானே இறங்கினார்.

"அறுபது அடிப் படகெல்லாம் உங்க பேச்சைக் கேட்டுச்சு. இது என்ன, தொட்டில் பிள்ளை மாதிரி இருந்துக்கிட்டு இந்த ஆட்டம் ஆடுது?" என்றாள் மெக் சோம்.

"நீ வேற வாயைக் கிளறாதே."

"நான் எங்க கிளறினேன்? வாக்குக் கொடுத்தது யாரு?"

ஹாஜி படகை எடுத்துக்கொண்டு மறுபடி கிளம்பினார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கக் நாப் கடையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரம்லி கெரோபோக் மீன் அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஹாஜி வழக்கம்போல் காப்பியைச் சாசரில் ஊற்றினார். கப்பின் தடித்த, வழவழப்பான விளிம்பைச் சுற்றிக்கொண்டு காப்பி கப்பின் அடிவயிறு வழியாக ஓடி அவர் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

"காப்பிகூட உங்க பேச்சைக் கேட்க மாட்டேங்குது அபாங்!"

"நாப், இது என்ன கப்பு? வேற கொடு."

"எல்லாம் கழுவப் போட்டிருக்கேன் ஹாஜி. விளிம்பு உடைஞ்ச ஒண்ணுதான் இருக்கு. வாயைக் கிழிச்சுக்காம குடிங்க."

ஹாஜி உடைந்த பக்கமாகச் சாய்த்து ஊற்றினார். காப்பி கத்தரித்தது போல நேராக விழுந்தது. ஒரு சொட்டும் பின்னால் வரவில்லை. அப்படியே நிறுத்திவிட்டுக் கப்பைத் திருப்பி வழவழப்பான பக்கமாக ஊற்றினார். மறுபடியும் சாரம் நனைந்தது. மீண்டும் உடைந்த பக்கம்.

"ஹாஜிக்கு என்ன ஆச்சு?" என்றாள் கக் நாப்.

"வெள்ளிக்கிழமை பயம்" என்றான் ரம்லி.

ஹாஜியின் கண்ணுக்குள் அந்தப் பின்பலகை நின்றது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அது மேல்வரை நனைந்திருந்தது. அடிப்பக்கத்துத் தண்ணீர் அங்கேயே அறுந்து விழாமல், தான் ஆசையாக உருட்டி வைத்த ஓரத்தைச் சுற்றி மேலே ஏறியிருக்கிறது. ஏறிய தண்ணீர் பின்பக்கத்தைக் கீழே இழுக்கிறது. அதனால்தான் மூக்கு தூக்குகிறது. ஆற்றில் மெதுவாகப் போகும் படகுக்கு உருட்டிய ஓரம் அழகு. பறக்கிற படகுக்கு அதுவே காலைக் கட்டும் கயிறு.

மீதிக் காப்பியைத் தொடாமல் எழுந்து போனார்.

வீட்டில் இழைப்புளியை எடுத்த கை சற்று நேரம் அப்படியே நின்றது. உருட்டாத ஓரத்தோடு ஒரு படகு அந்தப் பட்டறையிலிருந்து வெளியே போனதே இல்லை. பிறகு பின்பலகையின் வெளிமுகத்தை, வளைவு இருந்த இடம் தெரியாமல் போகும்வரை இழைத்தார். அடியும் பின்பக்கமும் கத்தி போலச் சந்தித்தன. பூச்சு போய் மரம் தெரிந்த இடத்தில் எபாக்சி தடவி, காய்ந்ததும் கட்டையில் உப்புத்தாளைச் சுற்றி ஓரத்தை இன்னும் கூர்மையாக்கினார். விரலால் தொட்டுப் பார்த்தபோது தகப்பனார் பக்கத்தில் நின்று முகம் சுளிப்பது போலிருந்தது.

மெக் சோமிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

"நாளைக்குத் துணி வேண்டாம்" என்று மட்டும் சொன்னார்.

"துணி தொடாம நம்ம வீட்டுப் படகு எப்போ போட்டிக்கு இறங்கிச்சு? பேரு போகப்போற நாள்ல இதையும் விடச் சொல்றீங்களா?"

வெள்ளிக்கிழமை மாலைத் தொழுகைக்குப் பிறகு கரைக்கு வந்தபோது அவள் கையில் துணி இருந்தது. பா லே கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். ரம்லி தன் சிவப்புப் படகைத் துடைத்துக்கொண்டே, "நல்லா இழுங்க அக்கா, கடைசி தடவையா இருக்கும்" என்றான்.

மெக் சோம் முகப்பில் தொடங்கினாள். பட்டு நழுவிப் போனது. பக்கவாட்டைத் தாண்டியது. பின்பலகையில் இறங்கும்போது நின்றது. அவள் மெல்ல இழுத்தாள். சர்ரென்று ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

ரம்லி துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டான். அவனும் அந்தப் பட்டைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன். மெக் சோம் கிழிந்த துணியை மடிக்கத் தெரியாதவள் போல நின்றாள்.

"அபாங்… இது என்ன?"

"ஓரம்."

"சிக்கிடுச்சே."

"சிக்கணும். துணியை வை. லே, கொடியை எடு."

படகைத் தண்ணீரில் இறக்கினார். கொடி விழுந்தது. முதல் நேர்க்கோட்டில் படகு மூக்கைத் தூக்கியது. ஹாஜியின் விரல் ரிமோட்டில் இறுகியது. ஆனால் தூக்கிய மூக்கு விழவில்லை. அந்த அளவிலேயே நின்று, தண்ணீரின் மேல் கோடு கிழித்துக்கொண்டு போனது. திருப்பத்தில் சாய்ந்தது, நிமிர்ந்தது, குதிக்கவில்லை. இரண்டாம் சுற்றிலும் மூன்றாம் சுற்றிலும் குதிக்கவில்லை. ரம்லியின் சிவப்புப் படகு அரைப் படகு நீளம் முந்தி முதலில் வந்தது. ஹாஜியுடையது இரண்டாவது.

"ஜெயிச்சது நான்" என்றான் ரம்லி. யாரும் திரும்பாததால் இன்னொரு தடவை சொன்னான். பிறகு பக்கத்தில் வந்து கழுத்தை நீட்டிப் பார்த்தான். "தவளை எங்க போச்சு அபாங்?"

"நேத்துக் கொட்டின காப்பியில."

ஹாஜி படகைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார். பின்பலகை காய்ந்திருந்தது. பெயர் இருந்த இடத்தில் இருந்தது. மெக் சோம் முக்காட்டு நுனியால் அந்தப் பெயரை ஒரு தடவை துடைத்தாள். கிழிந்த பட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். வேகமாக ஓடிய படகுக்காக அவர் மகிழ்ந்தாரா என்றால், இல்லை. அந்தத் துணியைத் தைக்க முடியாது; தைத்தால் தையலே சிக்கும்.

இப்போது மீன் சந்தையில் ஒரு பேச்சு உலவுகிறது: ஹாஜி வான் டாவுடுக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டதாம், ஓரத்தை இழைத்து முடிக்க முடியாமல் அப்படியே விட்டுவிட்டாராம், அதனால்தான் பட்டு சிக்கியதாம். அது தவறு. கை நடுங்கவில்லை. அந்த ஓரம் கூர்மையாக இருக்க வேண்டுமென்றே கூர்மையாக்கப்பட்டது.