கழற்றக் கூடாத வாட்ச்

கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவர் என்பதால் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்ணாடிக்காரர். இருட்டறையில் ஆளை உட்கார வைத்து, மூக்கின் மேல் கனமான சட்டத்தை மாட்டி, ஒரு லென்ஸைப் போட்டு எடுத்து இன்னொன்றைப் போட்டு, "எது தெளிவா இருக்கு? முதலாவதா, ரெண்டாவதா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவர் பிழைப்பு. "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்று இழுப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. வாய் சிரிக்கும், உள்ளுக்குள் பல்லைக் கடிப்பார். கண் முன்னால் இருப்பதே இரண்டுதான், அதில் ஒன்றைச் சொல்லித் தொலைக்க ஒரு மனிதனுக்கு என்ன கஷ்டம் என்று கேட்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வாட்ச் வாங்கப் புறப்பட்டுப் படாத பாடு பட்டார்.

வாட்சைக் கழற்றி வைப்பது அவருக்கு ஊறிப்போன பழக்கம். ஒவ்வொருவரைத் தொடுவதற்கு முன்னும் கை கழுவ வேண்டும். வாட்ச் போய் யார் கன்னத்திலாவது உரசும். அதனால் கழற்றுவார், கழற்றிய இடத்தை மறப்பார். மேசை இழுப்பறையிலும் கழுவுதொட்டி ஓரத்திலும் அவர் தொலைத்த மலிவு வாட்சுகளுக்குக் கணக்கே கிடையாது. கல்யாண நாளுக்கு மனைவி வாங்கிக் கொடுத்த தோல் வார் வாட்சை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்து வந்தார். அதுவும் ஒருநாள் போயிற்று, போகும்போது சும்மா போகவில்லை.

மனைவிக்கு முட்டி வலி. சீருடை தைக்கும் கூடத்தில் மேற்பார்வை, நாளெல்லாம் நின்றே பார்க்கிற வேலை. நீந்தினால் முட்டிக்கு நல்லது என்றார் டாக்டர். அவளுக்குத் தண்ணீர் என்றாலே உதறல். இவர் மீன் மாதிரி நீந்துவார். "நான் இருக்கேன்ல, கையை விடவே மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி நகரத்துப் பொது நீச்சல் குளத்துக்கு அழைத்துப் போனார். மார்பளவுத் தண்ணீரில் அவள் இரண்டு கைகளாலும் அவருடைய இடது மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு, தைரியத்தை எல்லாம் திரட்டிக் காலைத் தரையிலிருந்து எடுத்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் பெஞ்சில் கழற்றி வைத்த வாட்ச் ஞாபகம் வரவேண்டுமா? "இரு, ஒரே நிமிஷம்" என்று கையை உருவிக்கொண்டு கரையேறிவிட்டார். அவள் குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. முன்பின் தெரியாத யாரோ ஒரு பெண்தான் தூக்கி நிறுத்தினாள். வாட்சும் கிடைக்கவில்லை.

அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை. போடவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் சிரித்துக்கொண்டே, "நான் அங்க மூழ்கிட்டிருக்கேன், இவரு இங்க வாட்சத் தேடிட்டிருக்காரு" என்று எடுத்துவிடுவாள். வந்தவர்கள் சிரிப்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார், அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவளோ படியேறும்போதெல்லாம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறினாள். இவர் கையை நீட்டினால், "பரவால்லங்க" என்பாள். அந்த 'பரவால்லங்க' அவரை அறுத்தது.

எத்தனையோ கெஞ்சலுக்குப் பிறகு ஒருநாள் துணி மடித்துக்கொண்டே, "கழட்டவே வேண்டாத வாட்ச் ஒண்ண வாங்கிக் கட்டிக்கங்க. அப்புறம் தண்ணியில இறங்குறதப் பத்திப் பேசலாம்" என்றாள். விளையாட்டாகச் சொன்னாளோ, நிஜமாகச் சொன்னாளோ. மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வாழ்நாளில் முதல் முறையாக நல்ல வாட்ச், விலை கூடிய வாட்ச், வேலைக்கும் கட்டலாம், நீந்தவும் கட்டலாம் என்று முடிவு செய்தார். அந்த முடிவோடு அவருடைய தெளிவு தீர்ந்துவிட்டது.

முதல் தப்பு, மச்சினனிடம் வாயைக் கொடுத்தது. மனைவியின் தம்பியான அவனுக்குத் தன்னிடம் இல்லாத எல்லாப் பொருளைப் பற்றியும் தெரியும்.

"மாமா, முப்பது மீட்டர்னு போட்டிருந்தா தண்ணிப் பக்கமே போகாதீங்க. கை கழுவலாம், அவ்வளவுதான்."

"நம்ம குளம் ரெண்டு மீட்டர்தானே மாப்ள?"

"அது ஆழம் இல்ல மாமா."

"மீட்டர்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கும். ஆனா இல்ல."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சரி, நூறு மீட்டர்னு போட்டிருந்தா எவ்வளவு ஆழம் போகலாம்?"

"ஆழமெல்லாம் போகாதீங்க மாமா. நீந்துங்க. ஆழம் போகணும்னா இருநூறு."

"நான் மைனஸ் ரெண்டுன்னு எழுதினா மைனஸ் ரெண்டுதான்டா. நாலுன்னு எடுத்துக்கோன்னு யார்கிட்டயும் சொல்றதில்ல."

"அதான் உங்க தொழில் வேற, இது வேற" என்று மச்சினன் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தான். போகும்போது, சுடுதண்ணீரில் குளித்தால் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தளர்ந்துவிடும் என்றும் ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனான். குளத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்குமே, அது எந்தக் கணக்கில் சேரும் என்று கேட்க ஆள் இல்லை.

கடை குளுகுளுவென்று இருந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நாற்காலி, அலுங்காமல் பேசும் விற்பனைப் பெண், கையில் வெள்ளை உறை. வெல்வெட் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பேட்டரியில் ஓடுவது நேரம் தப்பாது, ஆனால் பேட்டரி மாற்றத் திறந்தால் தண்ணீர் புகாதா என்று மறுபடி சோதிக்க வேண்டும். கை அசைவிலேயே ஓடுவது இருக்கிறது, ஆனால் இரண்டு நாள் கழற்றி வைத்தால் நின்றுவிடும். தோல் வார் அழகு, தண்ணீரில் நாறும். ரப்பர் வார் தண்ணீருக்குத் தோது, சட்டைக்குப் பொருந்தாது. ஒன்று மெல்லிசாக முழுக்கைச் சட்டைக்குள் நழுவிப் போயிற்று, அது நூறு மீட்டர். இன்னொன்று கல்லுக்குண்டு, இரும்புச் செயின், முகத்தைச் சுற்றித் திருகும் வளையம், அது இருநூறு. தேதிக்கு மேலே ஒரு குட்டிப் பூதக்கண்ணாடி வேறு. இங்கேயும் லென்ஸா என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

மெல்லிசைக் கட்டிப் பார்த்தார். குண்டைக் கட்டிப் பார்த்தார். மறுபடி மெல்லிசு. மறுபடி குண்டு. இது கண்ணுக்குப் பிடித்தால் அது மனதுக்குப் பிடித்தது. வேலையை நினைத்தால் ஒன்று, குளத்தை நினைத்தால் மற்றொன்று.

"எது சார் உங்களுக்குப் பிடிச்சிருக்கு? முதல்ல கட்டினதா, ரெண்டாவதா கட்டினதா?" என்றாள் அந்தப் பெண்.

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்று அவர் வாய் சொல்லிவிட்டது.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்கு நன்றாகவே தெரியும். நாளெல்லாம் அவர் சிரிக்கிற அதே சிரிப்பு. காது சிவக்க எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை போனார் என்று கேட்டால் கடைக்காரர்களுக்கே வெட்கமாக இருக்கும். வேலையிலும் மண்டை ஓடவில்லை. வருகிறவர்களின் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு மணிக்கட்டைப் பார்த்தார். ஒருவருக்கு ஒரே லென்ஸை மாற்றாமல் இரண்டு முறை போட்டு, "முதலாவதா, ரெண்டாவதா?" என்று கேட்டிருக்கிறார். வந்தவர் பாவம், ரொம்ப யோசித்து, "ரெண்டாவது" என்றார்.

கடைசியில் காரியத்தை முடித்தது விற்பனைப் பெண்ணின் ஒரு வாக்கியம். "இந்தக் குண்டு வாட்ச நீங்க கழட்டவே வேண்டாம் சார்." வேண்டியது அதுதானே! வாங்கிவிட்டார். அவள் இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்தாள். தண்ணீரில் இறங்கும் முன் பக்கவாட்டில், முள்ளைத் திருப்பும் சாவியை நன்றாகத் திருகி உள்ளே இறுக்க வேண்டும். செயின் பூட்டை 'டிக்' என்று அமுக்கிய பிறகு, மேலே ஒரு சின்ன மடிப்புத் தகடு இருக்கிறது, பூட்டு தானாகத் திறக்காமல் இருக்க அதையும் அமுக்க வேண்டும். தலையைத் தலையை ஆட்டினார்.

வீட்டில் மனைவி அவர் கையைப் பிடித்து வாட்சை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். நல்லா இருக்கு என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "கழட்டவே மாட்டீங்களா?" என்றாள்.

"மாட்டேன்."

அடுத்த விடுமுறை நாளில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து நீச்சல் உடையை அவளே எடுத்தாள். அவர் ஓடிப்போய் இரண்டு துண்டுகளை எடுத்துப் பையில் வைத்தார்.

குளக்கரையில் நின்று சாவியைத் திருகினார். இறுகியிருக்கிறதா என்று பார்த்தார். சந்தேகம் வந்து மறுபடி திருகினார். முப்பதும் நூறும் இருநூறும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. இத்தனை கவனத்திலும் அந்தச் சின்ன மடிப்பை அமுக்க மறந்துபோனார்.

மார்பளவுத் தண்ணீர். அவள் அவருடைய இடது மணிக்கட்டைப் பிடிக்க வந்தாள். அங்கே வாட்ச் உட்கார்ந்திருந்தது. கைக்குக் குளிர்ச்சியாக, முரடாக. அத்தனை தடவை கடை ஏறி இறங்கியவருக்கு, அவள் பிடிக்கிற இடமே அதுதான் என்பது ஒருதரம்கூடத் தோன்றவில்லை. அவள் வாட்சுக்கு மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, காலை எடுத்தாள். ஈரத்தில் பிடி வழுக்கிற்று. வழுக்கிய கைகள் வாட்சை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி அவர் விரல்களைப் பற்றின. பூட்டு 'டிக்' என்று திறந்தது. வாட்ச் விரல் வழியே கழன்று, பளிச்பளிச்சென்று மின்னிக்கொண்டு அடிக்குப் போய், சரிவில் சறுக்கி ஆழமான பக்கம் நகர்ந்தது.

அவர் உடம்பு தானாகப் பாதி திரும்பிவிட்டது. ஒரே முங்கு, எடுத்துவிடலாம். யாராவது மிதித்தால்? வேறு யாராவது எடுத்தால்? தண்ணீர் வடியும் ஓட்டைக்குள் போனால்? இவளைக் கரையில் விட்டுவிட்டு வந்தால் என்ன? எது முதலில்? ஒன்றும் விளங்காமல் திருதிருவென்று விழித்தார்.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். கால் இன்னும் தரையைத் தொடவில்லை. அவர் பார்வை போன இடத்தையும் அவர் தோள் திரும்பியதையும் பார்த்தாள்.

"முதலாவதா, ரெண்டாவதா?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. குரல் நடுங்கிற்று.

அவ்வளவு நாள் குழம்பிய மனிதருக்கு அந்த நொடியில் ஒரு குழப்பமும் இல்லை. இன்னொரு கையையும் கொண்டுவந்து அவள் முதுகைத் தாங்கிக்கொண்டார்.

"கிடக்கட்டும். இருநூறு மீட்டர் தாங்குமாம்."

"மீட்டர்னா ஆழம் இல்லன்னானே தம்பி?"

"அவனுக்கு என்ன தெரியும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கொஞ்சம் தண்ணீர் வாய்க்குள் போயும் அவள் பதறவில்லை. "எங்க கிடக்கு?" என்றாள்.

"உன் காலுக்கு அந்தப் பக்கம்."

"விட்டுடாதீங்க" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். தண்ணீர் முகத்தில் பட்டாலே அலறுகிறவள். இருமிக்கொண்டு நிமிர்ந்து, "என்னமோ மின்னுது. ஒண்ணும் தெளிவாத் தெரியல" என்றாள்.

"தண்ணிக்குள்ள யாருக்கும் தெளிவாத் தெரியாது. இன்னொரு தடவ பாரு."

அவள் மறுபடி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தாள். அவர் இரண்டு கைகளாலும் அவளைத் தாங்கிக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று அவருக்குத் தெரியாது, கையில் வாட்ச் இல்லை.